ஆமா, நான்தான் பேசுறேன்

மே 12, ஞாயிறு

விடுமுறையில் தினமும் ஏதாவது எழுத வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். இதுவரை எழுத ஒன்றும் இல்லை. இன்று முதல் இருக்கிறது. அக்கா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறாள்.

அக்காவின் பெயர் உலகேஸ்வரி. பிறவியிலேயே காது கேளாதவள். வெளியூரில் விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் படித்தாள். பிறகு இங்கே தென்காசியில், வீட்டிலிருந்தே போய்வந்து பி.காம். முடித்தாள். இப்போது காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆவதற்கான பி.எட். படிக்க ஆசைப்படுகிறாள். அது சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப் போனேன். இடம் கிடைக்கும்வரை எழுதாதே என்று கையைத் தட்டிவிட்டாள். மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றிய கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் அவள்தான்.

அக்கா பேசுவதை எந்தத் தமிழில் எழுதுவது என்று ஒரு குழப்பம் வந்தது. நாங்கள் பேசுகிற தென்காசித் தமிழ் அவள் காதில் விழுந்ததே இல்லை. அவள் தமிழைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள், கையால்தான் பேசுகிறாள். எனவே அவள் பேச்சைப் புத்தகத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்து அவளிடம் காட்டினேன்.

"நான் என்ன கல்வெட்டா?" என்றாள்.

ஆனாலும் அப்படியே எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சைகைப் பெயர் உண்டு. எனக்கு, விரலால் பக்கம் புரட்டுவது. அப்பாவுக்கு, கம்பி சுற்றுவது. அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அம்மா இன்சூரன்ஸ் ஏஜென்ட். அம்மாவுக்கு, உதட்டுப் பக்கத்தில் விரல்கள் ஓயாமல் திறந்து மூடுவது. அது தன் பெயர் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வாத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவுக்குத் தெரிந்த சைகைகள்: சாப்பிட்டியா, படு, காசு, கோயில். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். ஆனால் அவசரம் என்றால் "ஏட்டி கோமு, அவகிட்டச் சொல்லு" என்று என்னைத்தான் கூப்பிடுவாள். அம்மாவுக்கு எப்போதுமே அவசரம்தான்.

மே 14, செவ்வாய்

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் மேலே ஒரு மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று எழுதியிருந்தது. அக்கா ஆவலாக அழுத்தினாள். எழுத்துகள் பெரிதாயின. மறுபடி அழுத்தினாள். இன்னும் பெரிதாயின. அதற்கடுத்து அழுத்தியபோது பக்கம் முழுதும் கறுப்பாகிவிட்டது.

"என் கண்ணுக்கு என்ன?" என்று கேட்டாள்.

எப்படி விண்ணப்பிப்பது என்பது ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. எழுத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவர் நீலத் திரைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். கீழே எழுத்து ஓடவில்லை. நான் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் சைகையில் சொன்னேன். நடுவில் அவர் இருமினார். அதையும் சொன்னேன். "பதிவேற்ற வேண்டிய ஆவணங்கள்" என்று அவர் தொடங்கியபோது தெருவில் மீன் வண்டி வந்தது. வாசலைக் காட்டி "மீன்" என்றேன்.

"மீனையும் பதிவேற்ற வேண்டுமா?" என்றாள் அக்கா.

வீடியோ முடிந்தபோது கை வலித்தது. ஒரு முழுநீள வீடியோவைத் தனியாக மொழிபெயர்த்திருக்கிறேன். டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

மே 17, வெள்ளி

சான்றிதழ்களை ஸ்கேன் செய்யப் போனோம். கரண்ட் இல்லை. கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தோம்.

மே 19, ஞாயிறு

அக்காவின் போனுக்கு ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். பில் போடும் பகுதியில் அக்காவுக்கு வேலை தருவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "ஜூன் கடைசிக்குள்ள காலேஜ் கெடச்சா காலேஜ். இல்லன்னா கடை. சும்மா வீட்ல வச்சிருந்தா பிள்ள வாடிப்போயிரும்." அக்கா அந்தக் கடை வழியாகப் போகும்போது அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

போனில் அக்காவாகப் பேசுவது நான்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து. ஆரம்பத்தில் "அக்கா இப்படிச் சொல்லுதா" என்றுதான் சொல்வேன். உடனே எதிர்முனையில் இருப்பவர்கள் அக்காவை விட்டுவிட்டு என்னிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள். "பாப்பா, அவங்களுக்கு வெவரம் புரியுமா? கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்பார்கள். காலேஜில் சேரப்போகிற பெண்ணைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளையிடம்.

அப்போதுதான் அக்கா சட்டம் போட்டாள். "போனில் நீ என் வாய். வாய்க்குத் தனியாகப் பெயர் கிடையாது. நான் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்."

அன்றிலிருந்து அப்படித்தான். யாராவது "உலகேஸ்வரியா?" என்று கேட்டால், அக்காவைப் பார்ப்பேன், அவள் தலையாட்டுவாள், "ஆமா, நான்தான் பேசுறேன்" என்பேன். கேஸ் ஏஜென்சி, வங்கி, கூரியர் எல்லோருக்கும் என் குரல்தான் உலகேஸ்வரி.

முதலாளி இன்று, "பேசாத பிள்ளன்னா வேல சுத்தமா நடக்கும்லா, மத்ததுகள மாதிரி அரட்ட அடிக்காதுல்லா" என்று சொல்லிச் சிரித்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ நன்றாக வேலை செய்வாய் என்கிறார்" என்றேன். கிட்டத்தட்ட அதுதானே அர்த்தம்.

மே 24, வெள்ளி

விண்ணப்பம் போட்டாயிற்று. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாம் பக்கத்தில் மாற்றுத்திறன் வகை கேட்டார்கள். அக்கா "செவித்திறன்" என்று தேர்ந்தெடுத்தாள். சான்றிதழ் கேட்டார்கள். ஏற்றினாள். நூறு சதவீதம் என்று போட்டாள். ஐந்தாம் பக்கத்தில் வந்தது: "சரிபார்ப்புக்காகத் தொலைபேசியில் அழைப்போம். விண்ணப்பதாரரே பேச வேண்டும். எந்த நேரம் வசதி? காலை, மதியம், மாலை." மூன்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது.

ஒரே விண்ணப்பம்தானே? இரண்டாம் பக்கத்தில் சொன்னது ஐந்தாம் பக்கத்துக்குத் தெரியாதா?

அக்கா அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள்: எனக்குக் காது கேட்காது, அழைப்புக்குப் பதிலாக எழுத்தில் கேட்க முடியுமா. அனுப்பிக் கையை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது. "உங்கள் கடிதத்துக்கு நன்றி. சந்தேகங்களுக்கு எங்கள் உதவி எண்ணை அழைக்கவும்."

"யாரோ மிக வேகமாகத் தட்டச்சு செய்கிறார்" என்றாள் அக்கா.

பிறகு "காலை" என்பதைத் தொட்டாள். "நீ இருக்கிறாயே" என்றாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மே 29, புதன்

அழைப்பு வந்துவிட்டது! மொட்டை மாடியில் நானும் அக்காவும் போர்வைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். போன் அதிர்ந்ததும் சுவரோரமாகப் போய் எதிரெதிராக நின்றுகொண்டோம்.

"உலகேஸ்வரிங்களா?"

அக்கா தலையாட்டினாள். "ஆமா."

"நீங்கதான் பேசுறீங்களா?"

கேள்வியைச் சைகையில் சொன்னேன். அக்கா நெஞ்சில் விரலை வைத்தாள். "ஆமா, நான்தான் பேசுறேன்."

பிறந்த தேதி, மதிப்பெண், அப்பாவின் தொழில் எல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் அக்காவுக்குச் சொல்லி, அவள் பதிலைச் சொன்னேன். பிறகு அந்தப் பெண், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். அதை நான் இப்படிச் சொன்னேன்: "காலேஜ்ல ஜோக் சொன்னா எனக்குக் கடைசியாத்தான் புரியும் மேடம். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் யாராவது எழுதிக் காட்டுவாங்க. நான் எடுக்குற கிளாஸ்ல பிள்ளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல சிரிக்கணும்."

"ரொம்ப நல்லாப் பேசுறீங்க" என்றார் அவர். அதை அக்காவுக்குச் சொன்னதும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில், "சிக்னல் சரியா இருக்கா? நான் பேசுறது தெளிவாக் கேக்குதுங்களா?" என்றார். "ரொம்பத் தெளிவாக் கேக்குது மேடம்" என்றேன். இதையெல்லாம் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தால் நேரமாகும்.

போனை வைத்ததும் அக்கா ஈரப் போர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். இதுவரை நான் பேசியதிலேயே இதுதான் சிறந்த அழைப்பு.

ஜூன் 2, ஞாயிறு

அக்கா சென்னை விடுதியின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அங்கே அவளைப் போன்ற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்களாம். எல்லோரும் சைகையில்தான் பேசுவார்களாம். சாப்பாட்டுக் கூடத்தில் வாயில் சோறு இருக்கும்போதே பேசலாம் என்றாள்.

சென்னையில் அவளுக்கு வரும் போனையெல்லாம் யார் பேசுவார்கள்? அவள் அதை யோசித்த மாதிரியே தெரியவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

விண்ணப்ப நிலை மாறிவிட்டது. சிவப்பு எழுத்தில், "நிறுத்தி வைப்பு. விவரங்களில் முரண்பாடு. விண்ணப்பதாரர் ஜூன் 20க்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் நிராகரிக்கப்படும்." என்ன முரண்பாடு என்று போடவில்லை.

அப்பா இனிஷியல்தான் என்கிறார். "ஆதார்ல மு. மட்டும் இருக்கு, மார்க் ஷீட்டுல சு.மு. இருக்கு. அன்னைக்கே சொன்னேன்லா."

அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க எதத்தான் சொல்லல. போட்டோ தாங்க. ரெண்டு காதும் தெரியணும்னு போட்டிருந்துச்சு. இவ முடிய எறக்கிவிட்டு மூடி வச்சிருக்கா."

அக்காவுக்குச் சொன்னேன். "கேட்கவே கேட்காத காது. அதைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்கள்?" என்றாள். இருந்தாலும் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் இரண்டு காதும் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தில் பயந்த மாதிரி இருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் இரவு இட்லி வழக்கத்தைவிட நிறையச் சாப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

அம்மா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். பாட்டு ஓடி ஓடி, ஒருவழியாக ஒருவர் எடுத்தார்.

"விண்ணப்பதாரர்கிட்ட மட்டும்தான் பேச முடியும்மா."

"ஐயா, அவளுக்குக் காது கேக்காது. பேச முடியாது. நான் அவ அம்மா."

"சரிம்மா, அப்போ அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க."

"அதாங்க, அவளுக்குக் காது..."

"அவங்க கூப்பிட்டாதான் சொல்ல முடியும்மா. இல்லன்னா மெயில் போடுங்க."

மெயில் போட்டோம். உதவி எண்ணை அழைக்கச் சொல்லிப் பதில் வந்தது. நேரில் போகலாம் என்றால், சேர்க்கை முழுதும் இணையவழி, நேரில் வர வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. சன்னலோர இடம்.

ஜூன் 12, புதன்

பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அக்காவின் போன் சார்ஜில் கிடந்தது. அவள் புதிய படத்தை ஏற்றுவதற்கு நெட் சென்டர் போயிருந்தாள். விண்ணப்பதாரரே பேச வேண்டும் என்றால் வழக்கம்போல நான் பேசிவிட்டால் போயிற்று என்று தோன்றியது. இத்தனை பேர் இருந்தும் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே கூப்பிட்டேன். அக்காவின் கை எதிரில் இல்லாமல் நான் "உலகேஸ்வரி" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

"விண்ணப்ப எண் சொல்லுங்க மேடம்... நீங்கதான் உலகேஸ்வரியா?"

"ஆமா, நான்தான் பேசுறேன். என்ன முரண்பாடுன்னு தெரியல சார்."

கொஞ்ச நேரம் தட்டச்சு ஒலி. பிறகு, "மேடம், நூறு சதவீதம் காது கேக்காதுன்னு போட்டிருக்கீங்க. அந்த ஒதுக்கீட்டுலதான் கேட்டிருக்கீங்க."

"ஆமா சார். சான்றிதழ் இருக்கு."

"ஆனா சரிபார்ப்புக் கால்ல நல்லாப் பேசியிருக்கீங்க. 'தெளிவாகக் கேட்கிறது என்று விண்ணப்பதாரரே கூறினார்'னு குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. இப்பவும் நல்லாத்தானே கேக்குது உங்களுக்கு?"

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சார், அது நான் இல்ல. நான் தங்கச்சி. அக்கா சொல்லச் சொல்ல நான் பேசுனேன்."

"இப்பதானே நான்தான் உலகேஸ்வரின்னு சொன்னீங்க?"

"அது... நாங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவோம்."

"பாப்பா, அவங்க பேர்ல நீ பேசியிருந்தா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். அது இதைவிடப் பெரிய பிரச்சினை. எதுவா இருந்தாலும் அவங்களே பேசணும். வைக்கிறேன்."

மேடமாக இருந்தவள் பாப்பா ஆகிவிட்டேன். பொய் சொன்னால் அக்காவுக்குக் காது கேட்கும். உண்மை சொன்னால் நான் வேறு ஆளாகப் பேசிய குற்றவாளி. நான் சொன்ன பதில்களெல்லாம் அக்காவுடையவைதான். அப்படியானால் அன்று பேசியது யார்? போனைத் திரும்பச் சார்ஜில் போட்டுவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. கணக்கில் முதல் பாடம் நடத்தினார்கள். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். சைகையில் ஒரு சங்கடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டும். புதன்கிழமை பேசியதை முழுதும் சொன்னேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள். திட்டவில்லை.

"தெளிவாகக் கேட்கிறதா என்று அவர் கேட்டதை நீ எனக்குச் சொல்லவில்லை."

"சிக்னல் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டார். அது சின்ன விஷயம்."

"யாரிடம் கேட்டார்?"

"உன்னிடம்."

"பதில் சொன்னது யார்?"

நான் என்று சொல்வதற்கு விரலை நெஞ்சில் வைக்க வேண்டும். வைத்தேன். இத்தனை வருடமாகப் போனில் சொன்ன "நான்" எல்லாம் யாருடைய நெஞ்சில் வைத்தது என்று குழப்பமாகிவிட்டது.

"வேறு என்னவெல்லாம் எனக்குச் சொல்லாமல் விட்டாய்?" என்றாள்.

ஜவுளிக்கடை முதலாளி சொன்னதைச் சொன்னேன். போதும் என்று நினைத்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் பெரிய அத்தை "இவள யார் தலையில கட்டப்போறீங்க" என்றதைச் சொன்னேன். அப்போது "அத்தை உன் சேலை அழகாக இருக்கிறது என்கிறார்" என்று சொல்லியிருந்தேன். மருந்துக்கடைக்காரர் சொன்னதை, காலேஜ் ஆபீஸில் சொன்னதை, பஸ்ஸில் ஒருவர் சொன்னதை. சொல்லச் சொல்ல நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"உன் நல்லதுக்குத்தான்" என்று முடித்தேன்.

அக்கா தேய்த்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "நல்லவர்கள் நிறைந்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

கோபமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் முகம் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

அக்கா இன்று என்னிடம் சைகையில் பேசவில்லை. "வெந்நீர் அடுப்பை அணைத்துவிடு" என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் குளியலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா பதறிப்போய், அவளுக்குக் கேட்காது என்பதையும் மறந்துபோய், கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்குக் குரல் உண்டு. விடுதிப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காலேஜ் சேர்ந்த புதிதில் வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொன்னாளாம். எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பினவாம். அதற்குப் பிறகு வெளி ஆள் முன்னால் அவள் வாயைத் திறந்ததில்லை.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பாவும் கடையை விட்டு வந்திருந்தார். நேற்று அக்கா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறாள். "நான் பேசிப் பாக்கேன். பிள்ள தெரியாமச் செஞ்சிட்டுன்னு சொல்லுதேன்" என்றார். அக்கா மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் கை என்னிடம் பேசியது.

"மறுமுனையில் ஆள் வந்ததும் கையைத் தூக்கு. அதற்குப் பிறகு நீ இங்கே இல்லை."

போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்தாள். தமிழுக்கு ஒன்று. பாட்டு. காத்திருக்கவும். மறுபடி பாட்டு. "வணக்கம், சொல்லுங்க" என்று ஒரு பெண் குரல் வந்ததும் கையைத் தூக்கினேன்.

அக்கா பேசினாள்.

"வணக்கம். என் பெயர் உலகேஸ்வரி. எனக்குக் காது கேட்காது. நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. முன்பு பேசியது என் தங்கை. பதில்கள் என்னுடையவை. என்னிடம் கேட்க வேண்டியதை இந்த எண்ணுக்கு எழுதி அனுப்புங்கள்." பிறகு விண்ணப்ப எண், ஒவ்வோர் இலக்கமாக.

ஏற்ற இறக்கம் இல்லாமல், சில எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"ஹலோ? மேடம்? வாய்ஸ் சரியா வரல. ஹலோ?"

அக்காவுக்கு அது தெரியாது. இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அக்கா முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

"மேடம், எனக்குப் புரியல. பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்ககிட்டக் குடுங்களேன். யாராவது இருக்கீங்களா?"

இருந்தேன். இவ்வளவு பக்கத்தில். அம்மா வாயைத் திறந்தாள்; அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். நான் உள்ளங்கையால் என் வாயை மூடிக்கொண்டேன். அக்காவின் கண்கள் என் பக்கம் வந்தன. என் முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவாள் என்று பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சொல்லியிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். சொல்லாமல் இருப்பது உதவியா, கெடுதலா என்று அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

மூன்றாவது முறை அக்கா "எனக்குக் காது கேட்காது" என்றபோது அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. நான்காவது முறை விண்ணப்ப எண்ணை அவரும் மெதுவாகக் கூடவே சொன்னார். பிறகு, யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தாரோ, "இருங்கம்மா, வச்சிராதீங்க" என்றார்.

மேசையில் போன் அதிர்ந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி. அக்கா எடுத்துப் பார்த்தாள். அழைப்பைத் துண்டித்தாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

எழுதுவதும் காத்திருப்பதும் மறுபடி எழுதுவதுமாக வெகுநேரம் போயிற்று. அம்மா காப்பி போட்டு வைத்தாள், ஆறிப்போயிற்று. நான் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை அக்கா சத்தமாகச் சிரித்தாள். நாங்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். அவள் நிமிரவில்லை.

கடைசியில் எழுந்து வந்து போனை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துச் சத்தமாக வாசித்தார். விளக்கம் பெறப்பட்டது. நிறுத்திவைப்பு நீக்கம். இருபத்தாறாம் தேதி அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே இருப்பார்.

"அப்ப கோமு போக வேண்டாமா?" என்றாள் அம்மா. நான் கணக்கைப் பார்த்தேன்.

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அக்கா பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணிடமிருந்து இன்னும் ஏதோ வந்தது. மறுபடி சிரித்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அப்படி என்னட்டி பேசுதாங்க ரெண்டு பேரும்? எதுக்குச் சிரிக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நீயே அவகிட்டக் கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.